பேஸ் கிட்டாருக்குப் பெடல் வாங்கப் போகும் தம்பிமாருக்கும் அவர்களுடைய உம்மா வாப்பாவுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கிட்டார், பெடல் என்று கண்டவுடன் கீழே இறங்கி கொமெண்ட் போட வேண்டாம். இது இசையைப் பற்றியதை விட ஒரு உம்மாவின் சீட்டுக் காசைப் பற்றிய பதிவு.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு, எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் எங்களிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள். ஒருவர் மஹியாவையில் இருந்து வரும் தமிழ்த் தம்பி. ட்ரம்ஸ் அடிப்பவர் குண்டசாலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. கலியாண வீடு, கம்பனிகளின் வருட முடிவு விருந்து, ஹோட்டல் விழா என்று கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாசிக்கிறார்கள். பைலா, பழைய சிங்களப் பாட்டு, தமிழ்ப் பொப், இப்போதைய இந்தியப் படப்பாட்டு எல்லாம் கலந்து. 2018 மார்ச்சில் திகனையும் அக்குரணையும் எரிந்த நாட்களுக்குப் பிறகும் பிரியாமல் ஒன்றாகப் பழகும் பிள்ளைகள். அதனாலேயே எங்களுக்கு இவர்கள் மேல் ஒரு தனிப் பாசம்.

பேஸ் வாசிக்கும் தம்பி போனைத் திறந்து ஒரு வீடியோவைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. காலால் ஒரு தட்டு, கிட்டாரின் சுருதி அப்படியே இறங்குகிறது. இன்னொரு தட்டு, பழையபடி. அவர்களுடைய பாடகருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் முன்னைப் போல மேலே ஏறுவதில்லை. பாட்டுகளை எல்லாம் ஒரு முழு டோன் இறக்கச் சொல்கிறார். கீபோர்ட் வாசிப்பவர் ஒரு பட்டனை அமத்தி இறக்கிவிடுகிறார். பேஸுக்கு அப்படிப் பட்டன் இல்லை.

"சேர், இதை எடுத்தா சரியா? சல்லி ரெடி."

சல்லி எங்கே இருந்து வந்தது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகுதான் சொன்னார். உம்மாவுக்கு விழுந்த சீட்டு. தங்கச்சியின் வகுப்புக் காசு கட்டியது போக மிச்சத்தைத் தந்திருக்கிறார். ஃபோன் ரிப்பெயார் கடை வேலைக்கு ஏதோ சாமான் வாங்கப் போகிறார் என்றுதான் உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் மார்க்கம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அந்த மத்ஹபின் பிரபலமான கருத்து நரம்பு வாத்தியங்களுக்கு எதிரானது என்பது எங்களுக்குத் தெரியும். அதே மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதி, எது கூடும் எது கூடாது என்று நிபந்தனைகளோடு பிரித்துக் காட்டுகிறார் என்பதும் தெரியும். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் தடைக்கான அறிவிப்புகள் பலமில்லாதவை என்றார். பத்வா கொடுக்க எங்களுக்கு இல்மு இல்லை. உலமாக்களிடம் கேளுங்கள். சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்து, சிங்களப் படப் பாட்டுகளாலும் பௌத்த பக்திப் பாட்டுகளாலும் நாடே அறிந்த முகைதீன் பெய்க்கின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் அதே ஆட்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் கிட்டாரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறோம். இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

எங்களுக்குப் பட்ட பிரச்சினை வேறு. ஹராமா ஹலாலா என்ற ஒரே கேள்வியோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடுவதால், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சாமான் நல்லதா கெட்டதா, தேவையா தேவையில்லையா என்று கேட்க ஒரு பெரியவர் இல்லை. மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் மாமா வருவார், மெக்கானிக்கைக் கூட்டி வருவார், இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். பெடல் வாங்கப் போனால் யாரும் வரமாட்டார்கள். விற்கிறவனுடைய வீடியோதான் ஒரே ஆலோசகர்.

இதே தம்பி போன வருடம் ஒரு பழைய பெடலைக் காசு அனுப்பி வாங்கியிருக்கிறார். ஜப்பானில் பாவித்த சாமான். அடாப்டரும் கூடவே வந்திருக்கிறது. சந்தோஷத்தில் சுவரில் குத்தியிருக்கிறார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். எங்கள் சுவரில் 230. ஒரு நாற்றம், கொஞ்சம் புகை, கதை முடிந்தது. எங்களிடம் ஒன்பதாம் வகுப்பில் மின்சாரப் பாடத்தைப் படித்தவர்தான் இவர்! விற்றவர் போனை எடுக்கவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால் கிட்டாரே வீட்டை விட்டுப் போகும் என்ற பயத்தில் இவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாத உழைப்பு அப்படியே போய்விட்டது.

அதனால்தான் இந்தத் தடவை இவர்கள் வந்து கேட்டதே எங்களுக்குப் பெரிய விசயமாகப் பட்டது. நாங்கள் இசை படித்தவர்கள் அல்லர். ஆனால் ஒலி என்பது எங்களுடைய பாடம். தேடிப் பார்த்தோம், கேட்டுப் பார்த்தோம், கடைசியில் கையில் எடுத்தும் பார்த்தோம்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுருதியை ஏற்றி இறக்குவது புதிய வேலை அல்ல. தோல் வாத்தியம் ஈரத்தில் தொய்ந்து சத்தம் இறங்கும், அனலில் காட்டினால் இறுகி ஏறும். சித்திரை வருடப் பிறப்புக்குப் பெரிய ரபானைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அடிக்கும்போது அடியில் தணல் வைத்திருப்பதைக் கண்டி ஆட்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அது அழகுக்கு வைத்த நெருப்பு அல்ல. பிறகு இசைத்தட்டுக் காலம் வந்தது. 45 வேகத்தில் ஓட வேண்டிய ஒரு பைலாத் தட்டை 33 இல் போட்டால் பாடகர் திடீரென்று கிழவனாகிவிடுவார். சுருதி ஏறத்தாழ 5 அரை டோன் இறங்கும். ஆனால் பாட்டும் இழுபடும். வேகமும் சுருதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன.

அந்தக் கட்டை அவிழ்த்தது டிஜிட்டல். 1975 இல் அமெரிக்காவின் ஈவென்டைட் நிறுவனம் எச்910 என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. ஸ்டூடியோவில் வைக்கும் பெட்டி அது. வேகத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றியது. 1989 இல் டிஜிடெக் நிறுவனத்தின் வாமி அந்த வேலையைக் காலடிக்குக் கொண்டு வந்தது. இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

உங்கள் ஒவ்வொருவருடைய போனிலும் இதன் சகோதரன் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் வரும் நீளமான வொய்ஸ் நோட்டை 1.5 அல்லது 2 மடங்கு வேகத்தில் கேட்கிறீர்கள்தானே. ஹஸ்ரத்துடைய பயான் சீக்கிரம் முடிகிறது, ஆனால் அவருடைய குரல் எலிக் குரலாக மாறுவதில்லை. ஏன்? போன் அந்தச் சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இடையில் உள்ள சிலதை விட்டுவிட்டு, மிச்சத்தைத் தையல் தெரியாமல் ஒட்டுகிறது. பெடலும் இதே தையற்காரன்தான். துண்டு வெட்டும், ஒவ்வொன்றையும் மெதுவாக ஓட்டும், அதனால் சுருதி இறங்கும். மெதுவாக ஓடியதால் நேரம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டை ஒட்டும்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வொய்ஸ் நோட் முழுதாக ஏற்கெனவே போனில் இருக்கிறது, போனுக்கு அவசரம் இல்லை. பெடலுக்கு அடுத்த கணம் என்ன வரப் போகிறது என்று தெரியாது. விரல் கம்பியைத் தொட்ட அடுத்த கணமே அது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

பேஸுக்குக் கஷ்டம் தொடங்குவது இங்கேதான். ஒட்டும்போது தையல் தெரியக்கூடாது என்றால், அலையின் ஒரே மாதிரியான இரண்டு இடங்களைப் பார்த்து ஒட்ட வேண்டும். அதற்கு அலை ஒரு சுற்றாவது முழுதாக வந்திருக்க வேண்டும். சாதாரணக் கிட்டாரின் மெல்லிய ஈ கம்பி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 330 தடவை அதிரும், ஒரு சுற்றுக்கு 3 மில்லிசெக்கன். பேஸின் தடித்த ஈ கம்பி 41 தடவைதான் அதிரும், ஒரு சுற்றுக்கு 24 மில்லிசெக்கன். தடித்த கம்பியில் என்ன சுரம் வாசிக்கப்பட்டது என்று அந்தப் பெட்டி விளங்கிக்கொள்வதற்கே இவ்வளவு நேரம் போகிறது. கெட்டிக்காரப் பெடல்கள் மேலே உள்ள மெல்லிய அதிர்வுகளைப் பார்த்து முன்கூட்டியே ஊகிக்கப் பார்க்கும். மலிவானவை பிந்தும், அல்லது தடுமாறி நடுங்கும். நீட்டிப் பிடித்த ஒரு சுரம் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆடும்.

24 மில்லிசெக்கன் என்ன பெரிய நேரமா என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ 8 மீற்றர் போகும். அதாவது பேஸ் வாசிப்பவரின் ஸ்பீக்கரை மேடையில் இருந்து தூக்கி 8 மீற்றர் தள்ளி வைத்தது மாதிரி. மெதுவான பாட்டில் ஒருவருக்கும் விளங்காது. பைலாவில் விளங்கும். பைலாவின் உயிரே பேஸும் கிக் ட்ரம்மும் ஒன்றாக விழுவதில்தான் இருக்கிறது. அது பிந்தினால் ஆடுகிறவர்களுக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. ஆனால் கால் நின்றுவிடும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டோம். "பாட்டை ஒரு டோன் இறக்க வேண்டும் என்றால் கையை இரண்டு கட்டம் கீழே தள்ளினால் போதாதா?"

சிரித்தார். "அப்படித்தான் செய்றேன் சேர். ஆனா ஈ-ல ஈக்கிற பாட்டு டி-க்கு வந்தா கீழ கட்டை இல்ல."

நியாயமான பதில். பேஸ் வாசிப்பவர்கள் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் தொடுகிறார்கள். கிட்டார்காரரைப் போலத் திறந்த கம்பிகளோடு கோர்ட் பிடிக்கும் தலையிடி இல்லை. அதனால் கீ மாறினால் கையை நகர்த்தினால் வேலை முடிந்தது. சிக்கல் ஈ கம்பிக்குக் கீழே போக வேண்டிய பாட்டில் மட்டும்தான். அப்படி உங்களுடைய பட்டியலில் எத்தனை பாட்டு என்று எண்ணச் சொன்னோம். விறாந்தையிலேயே உட்கார்ந்து எண்ணினார்கள். ஐந்து.

ஐந்து பாட்டுக்காக ஒரு சீட்டு!

இந்த ஐந்து பாட்டுக்கும் காசில்லாத ஒரு வழி உண்டு. தடித்த கம்பியின் முறுக்கியை இளக்கி ஈ-யை டி-க்கு இறக்குவது. 41 அதிர்வு 37 ஆகும். ஐந்து பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் இரவில் ஒரு தடவை இறக்கி, ஒரு தடவை ஏற்றினால் போதும். அந்தக் கம்பியில் மட்டும் விரல் இரண்டு கட்டம் தள்ளிப் போக வேண்டும், ஒரு கிழமை பழகினால் வந்துவிடும். கம்பி தொய்ந்து கட்டத்தில் அடித்தால் கொஞ்சம் தடிப்பான கம்பி போடலாம். இன்னும் கீழே போக ஆசைப்படுகிறவர்கள் ஐந்து கம்பிப் பேஸுக்குரிய செட்டில் கீழ் நான்கை எடுத்துத் தங்கள் நான்கு கம்பிப் பேஸில் பி, ஈ, ஏ, டி என்று போடுகிறார்கள். அதற்குத் தலைப் பக்கத்தில் கம்பி உட்காரும் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள், வீட்டில் அரத்தைப் போட்டு ராவ வேண்டாம்.

அப்படியானால் பெடலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஒரு இரவுக்குள் நான்கு ஐந்து சுருதியில் மாறி மாறி வாசிக்க வேண்டியவருக்கு, ஒரே ஒரு பேஸைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு, இப்போதைய படப்பாட்டுகளில் வரும் சிந்தசைசர் மாதிரியான அடிச் சத்தம் வேண்டியவருக்கு இது உதவும். ஆனால் எல்லோரும் ஒரே பெயரால் கூப்பிடும் இந்தச் சின்னப் பெட்டிகளில் உண்மையில் இரண்டு சாதி இருக்கிறது. அதைப் பிரித்துத் தெரியாமல் வாங்குவதால்தான் பாதி ஏமாற்றம்.

முதலாவது ஒக்டேவ் பெடல். வாசித்த சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்த்துத் தரும். பொஸ் நிறுவனம் 1982 இல் விட்ட ஓசி-2 இந்த வகையின் பெரியண்ணன். அது வெட்டி ஒட்டுவதில்லை. அதிர்வை எண்ணி, இரண்டுக்கு ஒன்று என்று பாதியாக்குகிறது. அனலொக் சர்க்கிட். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதற்கு விளங்கும், இரண்டை ஒன்றாகத் தொட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி உளறும். பேஸ்காரருக்கு அது பெரிய குறை அல்ல. இப்போது வரும் ஓசி-5 இல் பழைய சத்தமும் உண்டு, பல சுரத்தை ஒன்றாக விளங்கும் முறையும் உண்டு, கிட்டாரா பேஸா என்று மாற்றும் சுவிட்சும் உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பெடல் பாட்டை ஒரு டோன் இறக்காது. எங்கள் பாடகருடைய பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தம்பி காட்டிய இரண்டாவது வீடியோ இந்தச் சாதிதான். அதை எடுத்திருந்தால் கலியாண வீட்டில் மேடையில் ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கும். இன்னொன்று, திறந்த ஈ கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் ஏறத்தாழ 20 அதிர்வு. மனிதக் காதின் எல்லையே அங்கேதான். அங்கே சத்தம் கேட்காது, ஸ்பீக்கரின் கடதாசி ஆடுவதுதான் தெரியும். ஒக்டேவ் பெடலை மேல் கம்பிகளில் வாசித்தால்தான் அழகு.

இரண்டாவது சாதிதான் உண்மையில் சுருதியை நகர்த்துகிறது. டிஜிடெக் ட்ரொப் இந்த ஒரு வேலைக்கென்றே செய்தது. 1 அரை டோனில் இருந்து 7 வரை, அதோடு முழு ஸ்தாயி. அதற்கு மேல் ஒன்றுமில்லை, அதுவே அதன் நல்ல குணம். இலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பிட்ச் ஃபோர்க் மேலும் கீழும் 3 ஸ்தாயி வரை போகும். பொஸ் பிஎஸ்-6 இல் சுருதி மாற்றத்தோடு ஹார்மனியும் சேரும். சீனாவின் மூஅர் பிட்ச் பொக்ஸ் இவை எல்லாவற்றையும் விடச் சின்னது, விலையும் குறைவு, மூன்று முறையில் வேலை செய்யும். இவை எல்லாம் முதலில் கிட்டார்காரரை மனதில் வைத்துச் செய்தவை. பேஸில் போட்டால் வேலை செய்யும். எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதை உங்கள் தடித்த கம்பிதான் சொல்ல வேண்டும், வீடியோ சொல்லாது. வீடியோவில் வாசிப்பவர் எந்தக் கம்பியைத் தொடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மேல் கம்பிகளில்தான் விளையாடுவார். காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

கட்டுகஸ்தோட்டையில் கிட்டார் வாசிக்கும் ஒருவரிடம் இந்தச் சாதிப் பெடல் ஒன்றை ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்கினோம். மக்ரிபுக்கு முன் ஒரு மணி நேரம் எங்கள் கராஜில் சோதித்தோம். அந்தச் சோதனையை அப்படியே சொல்கிறோம், நீங்களும் செய்யலாம்.

முதலில் டியூனரில் கம்பிகளைச் சரியாக வைத்தோம். பெடல் பிழையைத் திருத்தாது. நீங்கள் கொஞ்சம் பிசகியிருந்தால் அந்தப் பிசகையும் சேர்த்தே இறக்கும். பிறகு பேஸை நேராக முதலில் பெடலுக்குள், பெடலில் இருந்து அம்புக்கு. இடையில் வேறொன்றும் இல்லை. ட்ரம்ஸ் தம்பி ஒரு பழைய தகரப் பெட்டியில் தாளம் போட, பேஸ் தம்பி அதே அடியில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டார். போனில் பதிவு செய்தோம். ஜி கம்பியிலும் டி கம்பியிலும் ஒரு குறையும் இல்லை, உண்மையில் நன்றாகவே இருந்தது. ஏ கம்பியில் கொஞ்சம் மென்மையானது. ஈ கம்பியில் வந்தவுடன் தகரமும் பேஸும் இரண்டாகப் பிரிந்தன. நீட்டிப் பிடித்தால் ஒரு மெல்லிய நடுக்கம். பேஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"சேர், நான் முன்னால போறேன், இது பின்னால வருது."

இன்னொரு விசயமும் அன்று கண்டோம், ஒரு வீடியோவிலும் சொல்லாதது. வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் அம்பின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகுவதுதானே எங்கள் பிள்ளைகளின் வழக்கம். அப்படிக் குறைத்தவுடன் கம்பியின் சொந்தச் சத்தம் காதுக்குக் கேட்கத் தொடங்கியது. கம்பி ஒரு சுருதியில், அம்ப் ஒரு டோன் கீழே. இரண்டும் மோதிக் காதைக் குடைந்தன. ஹெட்போன் போட்டால்தான் சரியானது. மேடையில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தப் பெடலை வாங்கி வீட்டில் மெதுவாகப் பழகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

சின்ன அம்ப் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கருக்கு 37 அதிர்வை முழுதாகத் தள்ளப் பலம் போதாது. நீங்கள் கேட்பது அதன் மேல் அதிர்வுகளை, அடிச் சுரத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. கலியாண மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில்தான் உண்மை தெரியும். அதனால் முடியுமென்றால் மண்டபத்திலேயே, விருந்தாளிகள் வருவதற்கு முன், ஒரு தடவை போட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் போன வருடக் கதை திரும்பும். இந்தப் பெடல்களில் அதிகமானவை 9 வோல்ட் டிசி, பின்னின் நடுப்பகுதி மறை, வெளிப்பக்கம் நேர். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுப்பகுதி நேர். ஓட்டை பொருந்துகிறது என்பதற்காகக் குத்தினால் உம்மாவின் சீட்டு ஒரு செக்கனில் புகையாகும். டிஜிட்டல் பெடல்கள் அனலொக்கை விட அதிகமாகக் கரண்ட் இழுக்கும், பெட்டியின் கீழே எத்தனை மில்லிஅம்பியர் என்று எழுதியிருக்கும், அடாப்டரில் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜப்பானில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ யாராவது கொண்டு வந்தால் பெடலை மட்டும் எடுங்கள், 100, 120 வோல்ட் அடாப்டரை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

விலையை நாங்கள் எழுதவில்லை, எழுதிய மறுநாள் மாறிவிடும். 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவுக்குப் பக்கத்தில் நின்ற டொலர் அதே வருடம் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு வீடியோவில் "மலிவு" என்று சொல்லும் சாமான் தபால் செலவும் வரியும் சேர்ந்து எங்கள் வாசலுக்கு வரும்போது ஒரு ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைக் கேட்கிறது. அவ்வளவு கொடுப்பதாக இருந்தால் பேஸுக்கென்றே செய்த மல்டி எஃபெக்ட் ஒன்றை, உதாரணமாக ஸூம் பி1 ஃபோர் மாதிரி ஒன்றை, முதலில் பாருங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். டியூனர், தாளம், ஒக்டேவ் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கிறது. நான்கு சின்னப் பட்டறியில் ஓடும், 2022 இல் கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுருதி இறக்குவதில் தனிப் பெடல் அளவுக்கு இருக்காது. ஆனால் பழகும் வயதில் டியூனரும் தாளமும்தான் ஒருவரை வாசிப்பவராக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு எங்கள் தம்பிமார் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கண்டி டவுனில் ஒரு செட் தடித்த கம்பி வாங்கினார்கள். ஐந்து பாட்டையும் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்குப் பாடகர் முதலில் சம்மதிக்கவில்லை, மஹியாவைத் தம்பி கதைத்துச் சம்மதிக்க வைத்தார். போன சனிக்கிழமை ஒரு கலியாணத்தில் அப்படியே வாசித்தார்களாம். டி-க்கு இறக்கிய கம்பி மூன்றாவது பாட்டில் கொஞ்சம் பிசகியதாம், ட்ரம்ஸ் தம்பி சத்தத்தைக் கூட்டி அதை மூடிவிட்டாராம்.

அடுத்த நாள் பேஸ் தம்பி உம்மாவோடு வந்தார். அதுதான் எங்களுக்கு எதிர்பாராத விசயம். உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், போன வருடம் புகைந்த பெடலையும் சேர்த்து. உம்மா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எங்களிடம் ஒன்றுதான் கேட்டார், "அந்த அஞ்சு கம்பி உள்ளதுக்கு எவ்வளவு போகும் சேர்?" வாப்பாவிடம் யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. மிச்சக் காசு இப்போது ஒரு கவரில் எங்கள் மேசை லாச்சியில் இருக்கிறது.

கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கம் யாரிடமாவது பாவித்த ஐந்து கம்பிப் பேஸ் விற்க இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வந்து வாசித்துப் பார்த்துத்தான் எடுப்போம், முன்கூட்டியே காசு அனுப்பமாட்டோம். ட்ரொப் பெடல் வைத்திருக்கும் பேஸ்காரர் யாராவது இருந்தால் ஒரு பின்னேரத்துக்கு இரவல் தந்தால் அதையும் தகரப் பெட்டிச் சோதனையில் போட்டுப் பார்த்து இதே இடத்தில் எழுதுகிறோம். அடாப்டரை நாங்களே கொண்டு வருவோம்.